நாலு பேர் தட்டில் அரைக் கப் சோறு

1

இந்த நாட்டுக்கு நான் வந்து இருபத்து மூன்று வருடம் நிறைந்த அன்று, ஒரு டாக்டரம்மா என் மகள் ஹஸ்னாவின் பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது அழுக்கு இல்லை, இன்சுலின்" என்றார்.

வந்த நாளை நான் மறப்பதில்லை. முதல் வருடம் அந்த நாளில் அழுதேன். பத்தாவது வருடம் பிரியாணி ஆக்கினேன். இந்த வருடம் ஆஸ்பத்திரி நாற்காலியில் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். என் வாயை அடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஹஸ்னாவுக்குப் பத்தொன்பது வயது. லண்டனுக்குத் தெற்கே நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற கல்லூரியில் படிக்கிறாள். பன்னிரண்டு வயதிலிருந்தே அவளுக்குப் பின்கழுத்தில் ஒரு கறுப்பு வரி உண்டு. நான் பீர்க்கங்காய் நாரை வைத்துத் தேய்ப்பேன். கடலை மாவு, தயிர், எலுமிச்சைத் தோல் எல்லாம் போட்டாயிற்று. "சோப்பு உன் கழுத்துக்கு வழி தெரியாம நிக்குதா?" என்று ஏசியும் இருக்கிறேன். கழுத்து சிவக்குமே தவிர வெளுக்காது. என் உம்மாவும் எனக்கு இப்படித்தான் தேய்த்தார்கள். அவர்கள் தேய்த்த தேய்ப்பில் நான் ஊருக்கே கேட்கும்படி கத்துவேன். இத்தனை வருடமாக ஒரு நோயின் அடையாளத்தை நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் குளிப்பாட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்ததே பெரிய கதை. ஹஸ்னாவுக்கு ஏழு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. இங்கே டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்குப் போன் அடித்துக் காத்திருக்க வேண்டும். "நீங்கள் வரிசையில் பதினேழாவது ஆள்" என்று ஒரு குரல் சொல்லும், பிறகு பாட்டுப் போடும். அந்தப் பாட்டு எனக்கு இப்போது மனப்பாடம். அதையும் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். கடிதம் வந்தது, ஐந்து மாதம் கழித்து வரச்சொல்லி. பிறகு அந்தத் தேதியை மாற்றி இன்னொரு கடிதம். பிறகு, தேதி மாறியதற்கு வருத்தம் தெரிவித்து மூன்றாவது கடிதம்.

கடைசியில் உள்ளே போய் உட்கார்ந்ததும் நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். "டாக்டர், மை டாட்டர் இஸ் எ லிட்டில் ஃபேட்" என்றேன். ஊரில் இது நலம் விசாரிக்கிற வார்த்தை. இங்கே டாக்டரம்மாவின் புருவம் தூக்கிக்கொண்டது. ஹஸ்னா தரையைப் பார்த்தாள். "நாம் அந்த வார்த்தையைத் தவிர்க்கலாமே" என்றார் டாக்டரம்மா, எனக்கு நோகாமல்.

பிறகு விளக்கினார். நோயின் பெயர் பி.சி.ஓ.எஸ். நம் ஊரில் நீர்க்கட்டி என்போமே, அது. இவள் உடம்பு இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லையாம். கேட்காததால் இன்னும் அதிகமாக இன்சுலின் சுரக்கிறது. அந்த அதிகப்படி இன்சுலினால் எடை ஏறுகிறது, மாதவிலக்கு தள்ளிப்போகிறது, மோவாயில் முடி வருகிறது, கழுத்து கறுக்கிறது. எடை ஏற ஏற உடம்பு இன்னும் முரண்டு பிடிக்கிறது. "இது அவளுடைய சோம்பேறித்தனம் இல்லை" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் வீட்டில் அந்த வார்த்தையைத்தான் சொல்லிவந்தேன் என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

கடைசியாகக் கேட்டார். "குடும்பத்தில் வேறு யாருக்காவது இது உண்டா? உங்களுக்கு?"

"நோ" என்றேன், யோசிக்காமல்.

என் கழுத்தை முக்காடு மூடியிருந்தது.

2

நான் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். காலை ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் ஏழே காலுக்கு வெள்ளைக் கோட்டும் தலைமுடி வலையும் மாட்டிக்கொண்டு நிற்பேன். உருளைக்கிழங்கு மசியல் ஒரு கரண்டி, பட்டாணி ஒரு கரண்டி, மீன் ஒரு துண்டு. சின்ன வகுப்புக்குச் சின்னக் கரண்டி, பெரிய வகுப்புக்குப் பெரிய கரண்டி. பிள்ளைகள் கண்ணால் கெஞ்சினாலும் இன்னொரு கரண்டி கிடையாது. அளந்து போடுவதுதான் என் தொழில். இதைச் சொல்வதற்குக் காரணம், அடுத்து நடந்ததில் என் மானம் போனது.

உணவு ஆலோசகர் ஒருவரைப் பார்க்கச் சொன்னார்கள். கானா நாட்டிலிருந்து வந்த குடும்பத்துப் பெண், முப்பது வயது இருக்கும், சிரித்த முகம். ஒரு வாரம் ஹஸ்னா சாப்பிடுவதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வரச்சொன்னார். ஆக்குகிறவள் நான்தானே, நானே எழுதினேன். 'அரிசி: ஒரு நாளைக்கு ஒரு வேளை' என்று முதலில் பெருமையாக எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

அவர் தாளைப் பார்த்தார். "இடியப்பம் என்று இருக்கிறதே, அது எதில் செய்வது?"

"அரிசி மாவில்."

"ஆப்பம்?"

"பச்சரிசியை ஊறவைத்து அரைத்து..."

"தோசை?"

"அரிசியும் உளுந்தும்."

"கஞ்சி?"

"கஞ்சி வந்து..." என்று இழுத்தேன். நோன்புக்கஞ்சியை எதில் காய்ச்சுகிறோம் என்று ஆங்கிலத்தில் சொல்ல வாயைத் திறக்கும்போதுதான் எனக்கே உறைத்தது. ஹஸ்னா பக்கத்தில் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பெண் பேனாவை மேசையில் வைத்துவிட்டு அவளும் சிரித்தாள். "அப்படியானால் நான்கு வேளை" என்றாள்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரிலிருந்து தெற்கே இறங்கி வந்தால் நெல்வயல் முடிந்து உப்பளம் தொடங்குகிற இடம் எங்களுடையது. காவிரித் தண்ணீர் எல்லா வயலையும் பார்த்துவிட்டுக் கடைசியாக எங்களிடம் வரும். வந்தவரைக்கும் நெல் போடுவோம். அங்கே பிறந்தவர்களுக்குச் சோறு என்றால் தட்டில் வடித்துப் போடுவது மட்டும்தான். மற்றதெல்லாம் பசியாறல், பலகாரம், பண்டம். இராத்திரிக்கு ஆறு இடியப்பத்தைத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்துத் தின்றுவிட்டு, "நான் ராவுல சோறே தொடுறதில்ல" என்று சத்தியம் செய்கிற ஆட்கள் நாங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை, நாங்கள் அதை மனதார நம்புகிறோம்.

அந்தப் பெண் சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. அவள் வீட்டிலும் அரிசிதானாம், நிறுத்தச் சொன்னால் தன் அம்மாவே தன்னை வீட்டில் சேர்க்கமாட்டார் என்றாள். ஒரு வேளைக்கு அரைக் கப் சோறு. அதற்கு முன்னால் முட்டையோ மீனோ பருப்போ, நிறையக் கீரை காய். சாப்பிட்டதும் பதினைந்து நிமிட நடை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்குகிற பயிற்சி, ஏனென்றால் தசை வேலை செய்தால் சர்க்கரை அங்கே போய்ச் சேருமாம். எடை கொஞ்சம் இறங்கினாலே உடம்பு பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிடும், பட்டினி கிடக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். அரைக் கப் அளவுக்கு ஒரு பச்சைப் பிளாஸ்டிக் கப்பும் கொடுத்தாள். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மாத்திரை முதல் இரண்டு வாரம் ஹஸ்னாவைக் கழிவறையை விட்டு நகரவிடவில்லை. பிறகு பழகிவிட்டது.

நாலு மாதம் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை காலையில் குளியலறையிலிருந்து, "உம்மா!" என்று ஒரு கூச்சல். வழுக்கி விழுந்துவிட்டாளோ என்று கையில் மாவோடு ஓடினேன். கதவு இடுக்கில் தலையை நீட்டி, "வந்துடுச்சு உம்மா! தானாவே வந்துடுச்சு!" என்றாள்.

இரண்டு பேரும் கதவுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்றுகொண்டு குதித்தோம். என் வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்து, "என்ன, யாருக்கு விசா வந்துச்சு?" என்றார். அவருக்கு நல்ல செய்தி என்றால் விசாதான். நான் சந்தோஷத்தில் வட்டலப்பம் செய்ய வெல்லத்தை எடுத்தேன், எடுத்த கையோடு திரும்ப வைத்துவிட்டேன். மூன்று முட்டையை அவித்து, மிளகு தூவி, ஆளுக்கொன்றாகத் தின்று கொண்டாடினோம். முட்டை அவ்வளவு ருசியாக எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

3

அந்த மாதக் கடைசியில் நூர் ராத்தா கல்யாணப் பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பினாள். நூர் என் உடன்பிறந்த மூத்தவள். அவள் மகள் சுமையாவுக்கு டிசம்பரில் நிக்காஹ். ஹஸ்னாவுக்கும் சுமையாவுக்கும் ஒரே வயது, ஊருக்குப் போனால் இரண்டும் ஒரே பாயில்தான் படுக்கும். "மூணு டிக்கெட்டும் இப்பவே போட்டுடு. ஹஸ்னா வரலைன்னா சுமையா மேடையில உக்கார மாட்டாளாம்" என்று குரல் பதிவும் வந்தது.

வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. ஹஸ்னா, "நான் வரலை" என்றாள்.

அவள் முதலில் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். கோபம் என்றால் ஆங்கிலம், பசி என்றால் தமிழ், அது அவள் வழக்கம். அன்று நான் விடாமல் நச்சரித்ததும் தமிழுக்கு வந்துவிட்டாள். அப்போதே எனக்குப் புரிந்தது, இது கோபத்தை விடப் பெரியது.

"மூணு வருஷம் முன்னாடி போனப்ப என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா உம்மா? மைமூன் மாமி என் கையைத் தூக்கிப் புடிச்சு எல்லாருக்கும் காட்டுனாங்க. 'இவளுக்கு எங்கேர்ந்து மாப்பிள்ளை கொண்டுவரப் போறா இவ உம்மா'ன்னு கேட்டாங்க. எனக்கு அப்ப பதினாறு வயசு."

"மாமி வாயி அப்படித்தான்டா. மனசுல ஒண்ணும் கிடையாது."

"நீங்க என்ன பண்ணுனீங்க தெரியுமா? நீங்களும் சேர்ந்து சிரிச்சீங்க."

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சிரித்தேன். அந்த இடத்தில் சிரிக்காவிட்டால் பேச்சு நீளும், நீண்டால் என் பக்கம் திரும்பும் என்ற பயத்தில் சிரித்தேன்.

இந்தப் பிள்ளை இப்போது வராவிட்டால் இனி வரவே வராது என்று எனக்குப் பட்டது. நான் ஊரை இழந்தது வேலைக்காக, பிழைப்புக்காக. இவள் இழப்பது ஒரு கேலிக்குப் பயந்து, அதுவும் நான் சேர்ந்து சிரித்த கேலிக்கு. அதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். கூந்தலை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பினேன்.

"என் கழுத்தைப் பாரு."

பிறகு அவள் விரல் என் பின்கழுத்தில் பட்டது. இப்போது மங்கிவிட்டது, ஆனால் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணமாகி இங்கே வந்து நாலு வருடம் பிள்ளை இல்லை. ஊரிலிருந்து எந்தப் போன் வந்தாலும், "விசேஷம் ஏதும் உண்டா?" என்பார்கள். மோவாயில் முடி முளைக்கும், தினமும் காலையில் பிடுங்குவேன். இதே நோய்தான், இதே மாத்திரைதான். மாத்திரையை ஒரு வைட்டமின் டப்பாவில் கொட்டி வைத்துக்கொண்டேன். ஊரில் கேட்டவர்களிடம், "வீடு வாங்கிட்டுப் பாக்கலாம்னு இருக்கோம்" என்று லண்டன் பெருமை பேசினேன். நீர்க்கட்டி என்ற சொல் ஒரு பெண்ணின் பேரில் ஒட்டினால் அவள் தங்கைக்கும் சம்பந்தம் வராது என்று கேட்டு வளர்ந்தவள் நான். என் உம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அவர்கள் மௌத்தாகி ஆறு வருடம் ஆகிறது, தெரியாமலே போனார்கள்.

ஹஸ்னா அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது ஆத்திரம். "என்னைச் சோம்பேறின்னு சொன்னீங்களே உம்மா! உங்களுக்கே தெரிஞ்சிருந்தும்!" என்றாள். எனக்கு அடி வாங்கின மாதிரி இருந்தது, வாங்க வேண்டிய அடிதான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது கதவருகே வந்து நின்றாள். "நான் வர்றேன். ஆனா ஒரு கண்டிஷன். அங்க யாராவது ஏதாவது சொன்னா, நீங்க எங்கிட்ட சொன்னதை அவங்ககிட்ட சொல்லணும். சிரிக்கக் கூடாது."

சரி என்றேன். அவள் கழுத்துக்கு நாரைப் பிடித்த கையால் அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன்.

4

ஊர் போய்ச் சேர்ந்த இரண்டாவது மணி நேரத்திலேயே சத்தியம் உடைந்தது.

நூர் ராத்தா வீட்டுக் கூடத்தில் காலடி வைத்ததும் ஏழெட்டுப் பெண்கள். முத்தம், கண்ணீர், "எளைச்சுப் போயிட்டியே" என்று எனக்கு ஒரு பொய். மைமூன் மாமி நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஹஸ்னாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். இவர் என் மாமாவின் மனைவி, அறுபது வயது. தென்னந்தோப்பும் நெல்வயலும் தானே பார்த்துக்கொள்கிற, ஊரே அஞ்சுகிற வாய்.

"லண்டன் தண்ணி நம்ம புள்ளைக்கு நல்லா சேருது போல. போன தடவைக்கு இந்தத் தடவை அகலம்."

ஹஸ்னா உண்மையில் முன்னைக்கு இளைத்திருந்தாள். மாமி கண்ணுக்கு அது தெரியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். ஹஸ்னா என்னைப் பார்த்தாள்.

நான் சிரிக்கவில்லை. அதுவரை என் சத்தியம் நின்றது. ஆனால் வாயும் திறக்கவில்லை. "பைய எங்க வைக்கிறது ராத்தா?" என்று கேட்டேன். ஹஸ்னா தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். சுமையா பின்னாலேயே ஓடினாள். அன்று முழுக்க ஹஸ்னா கீழே வரவில்லை, ஜெட்லாக் என்று சொல்லி அனுப்பினாள். படிக்கட்டில் பாதிவரை ஏறிப் பாதியிலிருந்து இரண்டு தடவை இறங்கினேன்.

5

நிக்காஹ் பள்ளிவாசலில் முடிந்தது. மதியம் பெண்களுக்குப் பந்தி.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் ஆளுக்கொரு இலை கிடையாது. சஹன் என்று ஒரு பெரிய வட்டத்தட்டு. விரிப்பில் நாலு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாக உண்ண வேண்டும். நடுவில் நெய்ச்சோறு மலையாக இருக்கும். சுற்றிலும் ஆட்டுக்கறி, தாளிச்சா, கத்திரிக்காய், அவித்த முட்டை. அதில் ஒரு மரியாதை உண்டு. நல்ல துண்டு உன் பக்கம் இருந்தால் அதை எதிரே இருப்பவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். தள்ளினதை அவர் திரும்பத் தள்ளுவார். கடைசியில் யார் தின்றார்கள் என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் சஹனில் நான், ஹஸ்னா, எனக்குத் தங்கை முறையான சாச்சி மகள் பர்வீன், நான்காவதாக மைமூன் மாமி. விதி இப்படித்தான் உட்காரவைக்கும்.

ஹஸ்னா சோற்று மலையைப் பார்த்தாள். பச்சைக் கப்பை அவள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள், ஆனால் அதைச் சஹனுக்குள் விட்டு அளக்க முடியுமா? என் காதோரம் குனிந்து, "உம்மா, இதுல என் அரைக் கப் எது?" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அவள் ஒரு கரையில் கொஞ்சமாகக் கிள்ளிச் சாப்பிட்டாள். மாமி விடுவாரா? கையால் ஒரு வாரு வாரி அவள் பக்கம் சோற்றைத் தள்ளினார். "சாப்புடு புள்ள. கல்யாணத்துக்கு வந்துட்டுக் கோழி கொத்துற மாதிரி கொத்துறே." அடுத்த மூச்சிலேயே, "ஆனா லண்டன் போயி உடம்பைக் கொறைச்சுடு. அடுத்தது உன் நிக்காஹ்தானே, மாப்பிள்ளை வீட்டுல கேப்பாங்க" என்றார். தள்ளுகிற கையும் ஏசுகிற வாயும் ஒரே ஆளுடையது.

ஹஸ்னா கையை உதறிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள். ஒரு முழங்கால் தரையை விட்டுத் தூக்கிவிட்டது. அவள் எழுந்தால் சஹனிலிருந்து மட்டும் எழவில்லை, இந்த ஊரிலிருந்தே எழுந்து போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவள் தோளில் என் இடது கையை வைத்து அமர்த்தினேன்.

"மாமி, அவளுக்கு நீர்க்கட்டி. எனக்கும் அதுதான். கல்யாணம் ஆனதுலேர்ந்து இருக்கு. நாலு வருஷம் புள்ளை இல்லாம இருந்தேனே, வீடு வாங்கன்னு சொன்னேனே, அது பொய்யி."

என் குரல் நான் நினைத்ததை விடப் பலமாக வந்துவிட்டது. பக்கத்து மூன்று சஹனிலும் கை நின்றது.

மாமி வாய்க்குக் கொண்டுபோன சோற்றைக் கீழே இறக்கினார். "நீர்க்கட்டிக்கும் குண்டுக்கும் என்ன புள்ள சம்பந்தம்?"

இன்சுலினை விளக்க டாக்டரம்மா எனக்குப் பூட்டும் சாவியும் வரைந்து காட்டியிருந்தார். மாமிக்குப் பூட்டு வேண்டாம் என்று தோன்றியது. "மாமி, உங்க வயலுக்கு வாய்க்கால்ல தண்ணி வருது. மடையைத் தொறந்துவிட ஒரு ஆளு போவணும்ல? சாப்புடுற சோறுதான் தண்ணி. இன்சுலின்னு ஒண்ணு உடம்புல சுரக்குது, அதுதான் மடை தொறக்கிற ஆளு. எங்களுக்கு மடை இறுகிக் கெடக்கு. ஒரு ஆளு போனா தொறக்காது. உடம்பு என்ன பண்ணுது? பத்து ஆளை அனுப்புது."

"பத்து ஆளா?" மாமிக்கு ஆள் கணக்கென்றால் உடனே புரியும்.

"பத்து ஆளு. அவங்க சும்மா இருப்பாங்களா? போற வழியில அடுத்தவங்க கொல்லையில பூந்து வம்பு பண்றாங்க. மாசக் கணக்கு கெட்டுப்போவுது. மோவாயில முடி வருது. கழுத்து கறுக்குது. வயலுக்குப் போகாத தண்ணி வயித்துல தேங்கி நிக்குது. இந்தப் புள்ளை எட்டு மாசமா அளந்து தின்னு, நடந்து, இரும்பு தூக்கி, அந்த மடையை இளக்கிக்கிட்டு இருக்கா. நீங்க வாய்க்கால்ல வெள்ளத்தைத் தொறந்து விடுறீங்க."

அப்போது பர்வீன் சஹனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கும் இருக்கு ராத்தா. தஞ்சாவூர்ல காட்டுறேன்."

"உனக்கா?" என்றார் மாமி. "நீ முருங்கைக்காய் மாதிரி இருக்கே!"

"ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் வரும் மாமி" என்றாள் ஹஸ்னா. அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மாமியிடம் அவள் பேசிய முதல் வாக்கியம் அது.

பக்கத்துச் சஹனிலிருந்து ஒரு பெண், "அந்தப் பெரிய வெள்ளை மாத்திரைதானே? எனக்கும் எழுதிக் குடுத்திருக்காங்க" என்றாள். அதற்கும் அடுத்ததில் ஒருத்தி கையைத் தூக்கினாள், வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற மாதிரி.

மாமி என்னைப் பார்த்தார். "இத்தனை வருஷம் ஏன் புள்ள சொல்லல?"

"சொல்லிருந்தா நீங்க ஊரெல்லாம் சொல்லிருப்பீங்க மாமி."

மாமி யோசித்தார். "சொல்லிருப்பேன்தான்" என்றார்.

முதலில் சிரித்தது ஹஸ்னா. பிறகு மூன்று சஹனும் சிரித்தது. நானும் சிரித்தேன், இந்தத் தடவை மனசார.

மாமி மட்டும் சிரிக்காமல் வேலையில் இறங்கினார். வலது கையைச் சோற்றில் வைத்து, வரப்பு வெட்டுவது போல் ஒரு கோடு கிழித்தார். ஹஸ்னா பக்கம் இருந்த சோற்றையெல்லாம் வாரித் தன் பக்கம் கொண்டுபோனார். ஒரு சின்னக் குவியலை மட்டும் விட்டார். "இவ்வளவு இருக்கலாமா?" என்று கேட்டார். ஹஸ்னா கூர்ந்து பார்த்து, "சரியா அரைக் கப்" என்றாள். தன் பக்கத்து நல்ல கறித்துண்டை மாமி அவள் பக்கம் தள்ளினார். பர்வீன் முட்டையைத் தள்ளினாள். நான் கத்திரிக்காயைத் தள்ளினேன். ஒரு பருக்கை சோறு தப்பி அந்தப் பக்கம் போனால் மாமி விரலால் ஒதுக்கினார்.

"மாமி," என்றாள் ஹஸ்னா, "எல்லாச் சோத்தையும் நீங்க இழுத்துக்கிட்டீங்களே, உங்க சுகர் எவ்வளவு?"

மாமியை எதிர்த்துக் கேள்வி கேட்ட ஆளை அந்த ஊர் பார்த்ததில்லை. "அதை ஏன் இப்ப கேக்குறே?" என்றார் மாமி.

"காலையில என்னோட நடக்க வாங்க."

6

நடந்தார்கள். மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் ஹஸ்னாவோடு, சுமையா தவிர மற்ற வீட்டுப் பெண்கள் எல்லோரும் கிளம்பினார்கள். புதுப்பெண்ணுக்கு மட்டும் விலக்கு. முன்னால் ஹஸ்னா, பின்னால் ஐந்து கறுப்புப் புர்கா, கடைசியில் மாமி, தன் மருமகனின் ஓடுகிற ஷூவை மாட்டிக்கொண்டு. உப்பளத்துச் சாலையில் ஒரு பக்கம் சம்பா நெல் பச்சை கட்டி நின்றது. போக வேண்டியது இருபது நிமிடத் தூரம். மாமி வாசலுக்கு வாசல் நின்று, "எங்க லண்டன் புள்ளை நடக்கச் சொல்லுது" என்று விளக்கம் சொன்னதில் ஒன்றேகால் மணி ஆனது. மூன்றாம் நாள் ஐந்து புர்கா ஒன்பது ஆயிற்று. காலைப் பசியாறலுக்கு நூர் ராத்தா இடியப்பத்தை எண்ணி வைக்க ஆரம்பித்தாள். தலைக்கு இரண்டு, கூடவே முட்டை. புது மாப்பிள்ளைக்கும் அதே கணக்கு, அவர் பாவம்.

என் பள்ளிக்கூடம் ஜனவரி முதல் வாரமே திறந்துவிடும். ஹஸ்னாவின் கல்லூரிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. கிளம்புவதற்கு முதல் நாள் நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"உம்மா, நீங்க போங்க. நான் பத்து நாள் கழிச்சு வர்றேன். டிக்கெட்டை மாத்திட்டேன். வாப்பாகிட்டயும் கேட்டுட்டேன்."

"இங்க தனியா என்ன பண்ணுவே?"

"தனியாவா?" என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "பர்வீன் சாச்சியோட தஞ்சாவூர் டாக்டர்கிட்ட போறேன், அவங்களுக்குக் கேள்வி கேக்கத் தெரியல. மாமி தோப்புக்குக் கூட்டிட்டுப் போறாங்க."

மூன்று வருடம் முன்னால் இந்தப் பிள்ளை நாட்காட்டியில் நாளை அடித்துக்கொண்டே இருந்தது, எப்போது திரும்புவோம் என்று. அவள் துணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

திருச்சி விமான நிலையத்தில் கடவுச்சீட்டு பார்க்கிற அதிகாரி கம்ப்யூட்டரை முறைத்தார். என்னை முறைத்தார். எங்கேயோ ஒரு கட்டத்தில் ஏதோ பொருந்தவில்லை.

"வரும்போது ரெண்டு பேரா வந்திருக்கீங்களேம்மா?"

"ஆமா சார். மகளும் நானும்."

"மகள் எங்க?"

இருபத்து மூன்று வருடமாக இங்கேயும் அங்கேயும் எந்தக் கவுண்டரில் யார் கேட்டாலும், வாப்பா ஊரில், உம்மா ஊரில், ராத்தா ஊரில் என்று சொல்லி வந்தவள் நான். பிள்ளையைப் பற்றி அப்படி ஒரு நாள் சொல்வேன் என்று நினைத்ததே இல்லை.

"மகள் ஊர்ல இருக்கா சார்" என்றேன்.

அவர் முத்திரை குத்திக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு, அவர் கேட்காமலேயே இன்னொரு தடவையும் சொன்னேன்.